கணினி பழசு இல்லை, உங்கள் குவெரிதான் பழுது

ஜோர்ஜ்டவுன், பினாங்கு
9 பிப்ரவரி 2026

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கோலாலம்பூர் அலுவலகம்.

பொருள்: எங்கள் மளிகைக் கடையின் பில்லிங் மென்பொருள் மெதுவாவது, பில் பாதியில் அறுவது, 30 ஜனவரி விற்பனைக் கணக்கு தொலைந்தது.

ஐயா / அம்மா, வணக்கம்.

2023 மார்ச்சில் உங்களிடம் பில்லிங் மென்பொருள் வாங்கிய கடைக்காரி நான். லிட்டல் இந்தியாவில், மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் மளிகையும் பூஜைச் சாமான்களும் விற்கிறோம். கீழே இரண்டு கவுண்டர், மேல்மாடியில் அலுவலகக் கணினி ஒன்று. அவ்வளவுதான் எங்கள் ராஜ்யம். போன தீபாவளியிலிருந்து இந்தப் பிரச்சினையைத் தொலைபேசியில் சொன்னேன், வாட்ஸ்ஆப்பில் சொன்னேன், வந்த பையனிடம் நேரில் சொன்னேன். எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடினார்கள்: "கம்ப்யூட்டர் பழசாயிருச்சுக்கா, மாத்திருங்க." வாயால் சொன்னது போதும் என்று இப்போது எழுத்தில் தருகிறேன்.

முதல் வருஷம் மென்பொருள் நன்றாகத்தான் ஓடியது. அதை மறைக்க மாட்டேன். இரண்டாம் வருஷம் கொஞ்சம் இழுத்தது. 2025 தீபாவளி நேரத்தில் ஒரு பெருங்காய டப்பாவை பார்கோட் மெஷினில் காட்டினால், பெயரும் விலையும் திரைக்கு வர 9 விநாடி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே எண்ணினேன். பத்துச் சாமானுக்கு ஒன்றரை நிமிஷம். வரிசை ஐந்தடிப் பாதையைத் தாண்டி வெயிலில் நிற்கும்போது 9 விநாடி எவ்வளவு நீளம் என்பது கவுண்டரில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

உங்கள் பேச்சைக் கேட்டு நவம்பரில் மூன்று கணினிக்கும் வேகமான எஸ்எஸ்டி வட்டு, கூடுதல் ரேம் நினைவகம் எல்லாம் போட்டோம். 740 வெள்ளி (ரிங்கிட்). 9 விநாடி 7 ஆனது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். கணினிதான் காரணம் என்றால் எல்லாமே அல்லவா மெதுவாக வேண்டும்? அதே கணினியில் வங்கிக் கணக்கு சட்டென்று திறக்கிறது. சாமான் தேடுவது மட்டும் ஊர்ந்தது.

அடுத்தது பொங்கல். ஜனவரி 12 அன்று ஒரு தமிழ்ப்பள்ளி டீச்சர் பள்ளிப் பொங்கல் விழாவுக்குச் சாமான் வாங்க வந்தார். பச்சரிசி, வெல்லம், முந்திரி, ஏலக்காய், மஞ்சள் கொத்து என்று மொத்தம் 38 வகை. எங்கள் பெண் பொறுமையாக ஒவ்வொன்றாக அடித்து, பில்லைச் சேமிக்கும் பொத்தானை அழுத்தினாள். 'டேட்டாபேஸ் இஸ் லாக்ட்', அதாவது கணக்குக் கோப்பு பூட்டியிருக்கிறது என்று ஒரு பெட்டி வந்தது. வேறு வழியில்லாமல் ஓகே அழுத்தினாள். பில் வந்தது. டீச்சர் பணத்தைக் கட்டிவிட்டு வாசல் வரை போனவர், பில் துண்டை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "அக்கா, 38 சாமான் எடுத்தேன், இதுல 21தானே இருக்கு?" அவர் நல்லவர் என்பதால் எங்களுக்குத் தெரிந்தது. இப்படி எத்தனை பில் தெரியாமலே போனதோ.

இதைப் புகார் செய்ததும், 22 ஜனவரி அன்று உங்கள் ஆள் தொலைவிலிருந்தே எங்கள் கணினிக்குள் வந்து, "புது மோட் ஒன்னு போட்டிருக்கேன்க்கா, இனி லாக் ஆகாது" என்றார். உண்மைதான், லாக் ஆகவில்லை. சரியாக எட்டாம் நாள், தைப்பூசத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, ஒரேயடியாகப் படுத்துவிட்டது. கற்பூரமும் பால்குடமும் மஞ்சள் துணியும் எங்களுக்கு அதிகம் விற்கும் நாள் அது. மாலை ஐந்து மணிக்கு இரண்டு கவுண்டரிலும் 'டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்ட்', அதாவது கோப்பு சிதைந்துவிட்டது என்று வந்து நின்றது. இரவு பத்து வரை கையால் பில் எழுதினோம். மறுநாள் ரதம் கிளம்பும் நேரத்தில் உங்கள் ஆள் வந்து, பென்டிரைவில் இருந்த பேக்கப்பைப் போட்டு, 180 வெள்ளி வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பேக்கப்பில் வெள்ளிக்கிழமை வியாபாரத்தில் பெரும்பகுதி இல்லை.

இனி எழுதுவது என் சொந்த அறிவு இல்லை. என் அக்கா மகன் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் கணினிப் பிரிவில் வேலை செய்கிறான். தைப்பூசம் முடிந்த புதன்கிழமை இரவு, கடையை அடைத்து, எல்லாக் கணினியையும் நிறுத்திவிட்டு, கணக்குக் கோப்பின் பிரதியை எடுத்து அவன் மடிக்கணினியில் திறந்து பார்த்தான். உள்ளே இருப்பது எஸ்கியூலைட் என்ற டேட்டாபேஸ், கணக்கையெல்லாம் சேமித்துத் தேடித் தரும் மென்பொருள். அதைப் பார்த்ததும் அவன் முதலில் சொன்னது, "சித்தி, இது நல்ல சரக்கு. இதைக் குறை சொல்லாதீங்க." 2000-இல் ரிச்சர்ட் ஹிப் என்பவர் எழுதியதாம். என் கைத்தொலைபேசிக்குள்ளும் அதுதான் ஓடுகிறதாம். தனியாக சர்வர் எதுவும் வேண்டாம், முழு டேட்டாபேஸும் ஒரே கோப்பு. ஆகவே என் புகார் அதன் மேல் இல்லை, நீங்கள் அதைப் பயன்படுத்திய விதத்தின் மேல்.

அவன் காட்டிய முதல் விஷயம் இது. ஒரு பார்கோடைக் காட்டினால், கையிருப்பு எவ்வளவு என்று சொல்வதற்காக உங்கள் மென்பொருள் அந்தச் சாமானின் பழைய விற்பனை முழுவதையும் கூட்டிப் பார்க்கிறது. எங்கள் விற்பனை அட்டவணையில் ஏறக்குறைய 19 லட்சம் வரிகள் இருக்கின்றன. அதில் பார்கோடுக்கு இண்டெக்ஸே, அதாவது எந்தச் சாமான் எந்த வரியில் என்று காட்டும் பட்டியலே, கிடையாது. குவெரிக்கு, அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்விக்கு, முன்னால் 'எக்ஸ்பிளெய்ன் குவெரி பிளான்' என்று போட்டால், எப்படித் தேடப்போகிறது என்பதை எஸ்கியூலைட்டே சொல்லிவிடும். அது 'ஸ்கேன்' என்று சொன்னது. எங்களுக்கு ஸ்கேன் என்றால் டப்பாமேல் சிவப்பு வெளிச்சம் விழுவது. அங்கே ஸ்கேன் என்றால் 19 லட்சம் வரியையும் முதலிலிருந்து கடைசிவரை படிப்பது.

என் மாமனார் காலத்தில் கடையில் சிட்டை ஒன்று, பேரேடு ஒன்று இருக்கும். நாள் முழுக்க நடப்பதைச் சிட்டையில் வரிசையாக எழுதுவார். இரவில் ஆள்வாரியாகப் பேரேட்டில் பதிவார். யாராவது பாக்கி கேட்டால் பேரேட்டில் அந்தப் பக்கத்தைப் புரட்டுவாரே தவிர, மூன்று வருஷச் சிட்டையை உட்கார்ந்து படிக்க மாட்டார். நீங்கள் எங்களுக்குப் பேரேடு இல்லாமல் கடை போட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். சிட்டை மெலிதாக இருந்தவரை தெரியவில்லை. தடிக்கத் தடிக்கத் தெரிகிறது.

அவனுடைய பிரதியில் ஒரே ஒரு வரி எழுதி இண்டெக்ஸ் போட்டான். மறுபடி கேட்டபோது 'ஸ்கேன்' போய் 'சர்ச்' என்று வந்தது. அவன் மடிக்கணினியில் முன்பு 0.9 விநாடி எடுத்த குவெரி 0.002 விநாடியில் முடிந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் 740 வெள்ளி கண்முன்னால் வந்து போனது.

அவன் மடிக்கணினியில் 0.9 என்றால் எங்கள் கவுண்டரில் ஏன் 9? கோப்பு மேல்மாடிக் கணினியில் இருக்கிறது. இரண்டு கவுண்டரும் அதை நெட்வொர்க் ஃபோல்டர் வழியாகத் திறக்கின்றன. ஒரு கவுண்டர் எதையாவது எழுதிவிட்டால், மற்றொன்று தன் நினைவில் வைத்திருந்த பக்கங்களைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி கேபிள் வழியாகக் கோப்பைப் படிக்கிறது. எஸ்எஸ்டி போட்டும் பலன் இல்லாததற்கு இதுதான் காரணம்.

டீச்சர் பில் அறுந்ததும் இதே கதைதான். ஒருவர் படித்துக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் எழுதி முடிக்க முடியாது, எழுதுபவர் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று மென்பொருள்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எஸ்கியூலைட் ஒரு நொடிகூடக் காத்திருக்காது, உடனே லாக் என்று திருப்பி அனுப்பிவிடும். நீங்கள் எதையும் சொல்லவில்லை. இரண்டாம் கவுண்டர் ஒரு சாமானைத் தேடிக்கொண்டிருந்த அந்த 7 விநாடிக்குள் முதல் கவுண்டர் மாட்டிக்கொண்டது. அதைவிட மோசம், 38 வரியையும் ஒரே டிரான்சாக்ஷனாகச் சேமிக்காமல் 38 தனித்தனி டிரான்சாக்ஷனாகச் சேமிக்கிறீர்கள். அதனால்தான் 21 உள்ளே, 17 வெளியே. ஒன்றாகக் கட்டியிருந்தால் பில் முழுசாக விழுந்திருக்கும், இல்லை முழுசாக நின்றிருக்கும். அரைகுறையாக நிற்கவே நிற்காது. இது எஸ்கியூலைட் தருகிற வசதி. நீங்கள்தான் எடுத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் அந்தப் புது மோட். அதன் பெயர் 'வால்' (WAL), புதிதாக எழுதுவதை முதலில் தனிக் கோப்பில் வைக்கும் முறை என்றான் அக்கா மகன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெயருக்கேற்றபடி கோப்புக்குப் பின்னால் இரண்டு வால் கோப்புகள் முளைத்திருந்தன. 2010-இல் வந்த வசதியாம். படிப்பவரும் எழுதுபவரும் ஒருவரையொருவர் தடுக்காமல் இருக்க நல்ல வழிதான். ஆனால் எல்லா நிரலும் ஒரே கணினியில் ஓடினால்தான் அது செல்லும். நெட்வொர்க் ஃபோல்டரில் வேலை செய்யாது என்று எஸ்கியூலைட்டின் ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. உங்கள் ஆள் அதைப் படிக்காமல், தைப்பூசத்துக்குப் பத்து நாள் முன்பு எங்கள் கடையில் பரீட்சை எழுதிப் பார்த்திருக்கிறார். மோடை மாற்றியவர் பேக்கப்பை மாற்றவில்லை. புதிதாக எழுதியவை வால் கோப்பில் நிற்க, உங்கள் பேக்கப் தலையை மட்டும் பென்டிரைவுக்கு எடுத்துக்கொண்டிருந்தது.

அந்த நாளின் கணக்கை இரண்டு இரவு உட்கார்ந்து மீட்டோம். கடைப் பிரதித் துண்டுகளையும் டுயிட்நவ் கியூஆர் (தொலைபேசியில் பணம் கட்டும் முறை) வரவுப் பட்டியலையும் ஒத்துப் பார்த்தோம். பணம் ஓரளவு நேரானது, சாமான் நேராகவில்லை. இன்றுகூடத் திரையில் கற்பூரம் 60 பெட்டி இருப்பதாகக் காட்டுகிறது. அலமாரியில் ஒன்றும் இல்லை.

இன்னொன்று. உங்கள் இன்வாய்ஸில் ஒவ்வொரு வருஷமும் 'டேட்டாபேஸ் லைசன்ஸ் 350 வெள்ளி' என்று ஒரு வரி வருகிறது. எஸ்கியூலைட் பதிப்புரிமை எதுவும் இல்லாமல் எல்லாருக்கும் பொதுவாக விடப்பட்டது. யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம், விற்கும் மென்பொருளுக்குள்ளும் வைக்கலாம். அப்படியானால் மூன்று வருஷமாக நான் கொடுத்த 1,050 வெள்ளி எந்த லைசன்ஸுக்கு? ஏதாவது வாங்கியிருந்தால் ரசீதைக் காட்டுங்கள்.

இண்டெக்ஸை நாங்களே போட்டுக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். அக்கா மகனுக்கு அரை நிமிஷ வேலை. ஆனால் டேட்டாபேஸில் வாடிக்கையாளர் கை வைத்தால் பராமரிப்பு ரத்து என்று உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. மருந்து கையில் இருந்தும் உங்கள் அனுமதிக்காகக் காத்திருக்கிறோம்.

எனவே நான் கேட்பது இதுதான். இண்டெக்ஸை உடனே போடுங்கள், அல்லது நாங்கள் போட எழுத்தில் அனுமதி கொடுங்கள். ஒரு பில்லை ஒரே டிரான்சாக்ஷனாக்கி, காத்திருக்கும் நேரத்தையும் வையுங்கள். வால் மோடை இன்றே எடுங்கள். நெட்வொர்க் ஃபோல்டரில் கோப்பை வைக்கும் ஏற்பாட்டையும் கைவிட வேண்டும். மேல்மாடிக் கணினியில் ஒரு நிரல் மட்டும் கோப்பைத் திறக்கட்டும், கவுண்டர்கள் அதனிடம் கேட்டு வாங்கட்டும். இல்லை, சர்வர் வகை டேட்டாபேஸுக்கு மாற்றுவது எளிது என்றால் மாற்றுங்கள், அதற்கு நான் தனியாகக் காசு தர மாட்டேன். பேக்கப்பை எஸ்கியூலைட்டே தருகிற முறையில் எடுத்து, என் முன்னாலேயே ஒருமுறை மீட்டுக் காட்ட வேண்டும். பணமாக, லைசன்ஸ் 1,050, எஸ்எஸ்டியும் ரேமும் 740, தைப்பூசக் கட்டணம் 180, ஆக 1,970 வெள்ளியைத் திருப்பித் தர வேண்டும். போன வியாபாரத்துக்கு நான் கணக்குப் போடவில்லை.

சீனப் பெருநாள் விடுமுறை குறுக்கே வருவதால் 28 பிப்ரவரி வரை பொறுக்கிறேன். குவெரி பிளானின் ஸ்கிரீன்ஷாட்கள், டீச்சரின் பில், உங்கள் மூன்று இன்வாய்ஸ் ஆகியவற்றின் நகல்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஆள் அனுப்புவதானால் 22 பிப்ரவரி, ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு மேல் அனுப்புங்கள். அப்போது கூட்டம் குறைந்திருக்கும், அக்கா மகனும் இருப்பான். மென்பொருளை எழுதியவர்களில் ஒருவர் வந்தால் நல்லது. தொலைபேசி எடுக்கும் தம்பியை மறுபடி அனுப்ப வேண்டாம், அவர் பாவம். மாடிப்படி குறுகல், பழைய கட்டடம். தலையைக் குனிந்து ஏறச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
மளிகைக் கடை உரிமையாளர்,
மார்க்கெட் ஸ்ட்ரீட், பினாங்கு.