செட்டிநாட்டு ஆவணப்படங்களில் பாட்டும் அடுப்பும் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் லெஸ் பிளாங்க் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையையும், அதே இணைப்பின் பின்பக்கத்தில் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றுக்கு எழுதப்பட்டிருந்த பாராட்டுரையையும் அடுத்தடுத்துப் படித்தேன். இரண்டையும் ஒரே நாளில் படிக்க நேர்ந்ததால் எழுந்த எண்ணமே இக்கடிதம். எங்கள் வட்டாரத்தைப் பற்றி எடுக்கப்படும் படங்களில் வீடு இருக்கிறது. அந்த வீட்டுக்குத் தரை போட்டவர்களும், அதன் அடுப்படியில் நின்றவர்களும், அதன் தலைவாசலுக்கு வெளியே தெருவில் பாடியவர்களும் இல்லை.

தங்கள் கட்டுரையாளர் பிளாங்கை 'நாட்டுப்புற இசையின் ரசிகர்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். 1935-இல் ஃபுளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரில் பிறந்து 2013-இல் மறைந்த அவர், பிழைப்புக்காகத் தொழில் நிறுவனங்களுக்குப் படம் எடுத்துக் கொடுத்துக்கொண்டே, 1967-இல் சொந்தமாக ஒரு சிறு படநிறுவனத்தையும் தொடங்கி, டெக்சாஸ், லூசியானா, மெக்சிகோ எல்லையோரம், அப்பலாச்சிய மலைப்பகுதி என்று பாட்டு உயிரோடு இருந்த இடங்களையெல்லாம் தேடிப் போனவர். ரசிகர் என்பது உண்மைதான். ஆனால் நாம் கவனிக்க வேண்டியது அவர் ரசித்ததை அல்ல, படம் எடுத்த முறையை. அவருடைய படங்களில் பெரும்பாலும் பின்னணியில் இருந்து விளக்கம் சொல்லும் குரல் கிடையாது. பாடுகிறவர் பாடுவார், பாடாத நேரத்தில் அவர் என்ன வேலை செய்து சாப்பிடுகிறார் என்பதும் அதே படத்தில் தெரியும்.

டெக்சாஸின் நவசோட்டா ஊரைச் சேர்ந்த மான்ஸ் லிப்ஸ்கம் வாழ்நாளெல்லாம் பிறர் நிலத்தில் பாடுபட்ட கறுப்பின உழவர். அவருடைய கிட்டார் முதன்முதலாக ஒலிப்பதிவானது 1960-இல், அவருக்கு அறுபத்தைந்து வயதானபோது. பிளாங்க் 1971-இல் அவரைப் பற்றி எடுத்த படம் அவரை மேடைக் கலைஞராக்கிக் காட்டாமல் அவருடைய ஊரிலும் வீட்டிலும் வைத்தே காட்டுகிறது. மெக்சிகோ எல்லையோர இசையைப் பற்றிய 1976-ஆம் ஆண்டுப் படத்தில், அவ்வட்டார அக்கார்டியன் இசையின் தந்தை என்று போற்றப்படும் நார்சிசோ மார்ட்டினெஸ் ஓர் உயிரியல் பூங்காவில் விலங்குகளைப் பராமரிக்கும் ஊழியராக வேலை செய்வதைப் பார்க்கிறோம். புகழ்பெற்ற பாடகி லிடியா மெண்டோசா வீட்டாரோடு சேர்ந்து, சோளமாவில் பூரணம் வைத்து மடலில் சுற்றி அவிக்கும் தமாலே செய்கிறார். நம் இலைக்கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட உறவு என்று சொல்லத்தக்க பண்டம் அது. லூசியானாச் சமையலைப் பற்றி 1990-இல் வந்த படத்தில், யூனிஸ் என்னும் ஊரில் அக்கார்டியன் செய்யும் மார்க் சவாய் அடுப்பருகே நின்று சமைத்துக்கொண்டே பேசுகிறார். பாட்டு ஒரு துறை, சமையல் இன்னொரு துறை என்ற பிரிவே இப்படங்களில் இல்லை.

இவற்றுள் என் மனத்துக்கு நெருக்கமானது 1980-இல் அவர் பூண்டைப் பற்றி எடுத்த படம். ஐம்பது நிமிடங்களுக்கு மேல் ஓடும் ஒரு முழுப்படம், வெறும் பூண்டுக்காக! படம் ஓடும்போதே அரங்கின் பின்புறத்தில் பூண்டை வாட்டி, வாசனை பார்வையாளர்களிடம் போய்ச் சேரும்படி செய்வது அவர் வழக்கம். இதை வேடிக்கை என்று ஒதுக்கிவிட முடியாதபடி, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் எல்லையோர இசைப்படம் 1993-இலும் இந்தப் பூண்டுப் படம் 2004-இலும் சேர்க்கப்பட்டன. கொண்டாட்டத்தின் பக்கமே அவருடைய கேமரா சற்று அதிகம் சாய்கிறது என்பது என் குறை. பாடியவர்கள் பட்ட வறுமையும் இனவெறியின் வடுவும் அவர்களுடைய பேச்சிலும் பாட்டிலும் வந்து போகின்றனவே தவிர, அங்கே அவர் நெடுநேரம் நிற்பதில்லை. ஆயினும் யாரைப் படம் எடுத்தாரோ அவரைப் பேசவிட்டார்.

இனி எங்கள் ஊர்ப் பக்கம் வருகிறேன். செட்டிநாட்டைப் பற்றி நான் பார்த்த படங்கள் அனைத்திலும் பர்மாத் தேக்குத் தூண் உண்டு, நடுமுற்றத்தைச் சுற்றிய வளவு உண்டு, வானத்திலிருந்து எடுத்த கூரைக் காட்சி உண்டு, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை உண்டு. அந்தக் கல் எப்படி உருவாகிறது என்பதைப் பத்து நிமிடம் நின்று காட்டிய படத்தை நான் கண்டதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூவேலை அச்சை இறக்கி, நிறம் கலந்த சிமெண்டுக் கூழை அறை அறையாகக் கரண்டியால் ஊற்றி, கை நடுங்காமல் அச்சை மேலே தூக்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்தால் சிவப்பு பச்சையில் ஓடிவிடும். பிறகு உலர்ந்த மணலும் சிமெண்டும் கலந்த பொடியைத் தூவி, அதன் மேல் ஈரக்கலவையை இட்டுக் கரணையால் மட்டம் செய்து, அடுத்த நாள் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி ஊறவிட்டு, வெயிலில் காயவைத்தால் கண்ணாடி தானாகக் கழன்று வரும். சூளையும் இல்லை, மெருகு எந்திரமும் இல்லை. அந்தப் பளபளப்பு கண்ணாடி கொடுத்தது. இதைச் செய்கிறவரின் பெயர் எந்தப் படத்தின் பெயர்ப் பட்டியலிலும் வந்ததில்லை.

சமையலும் அப்படியே. 'செட்டிநாடு' என்ற பெயரில் ஊருக்கு ஊர் உணவகங்கள் விற்கும் சிவப்புக் குழம்பைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளைப் பணியாரத்துக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் கொட்டினால் அதுதான் அளவு என்று சொல்லும் கை, மாவு கரண்டியிலிருந்து விழும் விதத்தைப் பார்த்தே எண்ணெய்க்குப் போகலாமா என்று முடிவு செய்யும் கண், இவைதாம் படம் எடுக்கத் தக்கவை. கல்யாண வீட்டின் பின்கட்டில் விடியுமுன் தொடங்கும் சமையல்காரர்களின் பேச்சில் இருக்கும் கணக்கையும் கேலியையும் எந்த வர்ணனையாளரும் எழுதித் தர முடியாது. திருக்கார்த்திகையிலிருந்து 21-ஆம் நாள் வரும் பிள்ளையார் நோன்பன்று, 21 நூலிழைகளைத் திரியாக்கி, வெல்லமும் நெய்யும் சேர்த்த மாவில் வைத்து ஏற்றி, எரியும் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ளும் நகரத்தார் வீட்டுப் பெரியவர்களையும், நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலன்று முதற்பானை யாருக்கு என்று சீட்டு எடுக்கும் நேரத்தையும் முழுமையாகக் காட்ட இன்னும் ஒருவர் வரவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊருக்கு ஒரு படப்பிடிப்புக் குழு வந்தது. முளைப்பாரிப் பாட்டு வேண்டும் என்றார்கள். வயல்வேலைக்குப் போய் வந்த பெண்கள், உடுத்தியிருந்த சேலை போதாதென்று குழுவினர் வாடகைக்குக் கொண்டுவந்த கண்டாங்கியைக் கட்டிக்கொண்டு, விளக்கொளியில் இரவு வெகுநேரம் கும்மியடித்துப் பாடினார்கள். படத்தில் அது அரை நிமிடம் வந்தது. அந்த அரை நிமிடத்தின் மேலும் 'தொன்மை', 'மரபு' என்று ஒரு குரல் பேசிக்கொண்டிருந்தது. பாடியவர்களுக்குப் படத்தின் பிரதிகூட வரவில்லை. முளைப்பாரிப் பாட்டு ஒரு நீண்ட பாட்டு. விதை போடுவதில் தொடங்கி நாற்று எழுவது வரை அடுக்கடுக்காக வளரும். தலைவி ஓர் அடி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். இரண்டு அடியில் வெட்டினால் அது வெறும் கைதட்டல்.

வீடுகள் இடிந்து கொண்டிருக்கின்றன, தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன, ஆகவே முதலில் வீட்டைத்தானே பதிவு செய்ய வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் வீட்டுக்குப் பத்திரமும் வரைபடமும் பழைய புகைப்படங்களும் இருக்கின்றன. எங்கள் தெருவில் தாலாட்டையும் ஒப்பாரியையும் அடி தவறாமல் சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் எழுபது வயதைக் கடந்தவர்கள். அவர்களுடைய பாட்டுக்கு வேறு எந்தப் பிரதியும் இல்லை.

ஆவணப்படம் எங்களுக்குப் புதிது என்றும் சொல்ல முடியாது. கோட்டையூரைச் சேர்ந்த ஏ. கே. செட்டியார் உலகம் சுற்றிக் காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து 1940-இல் ஆவணப்படமாக வெளியிட்டார். அவர் பிறந்த வட்டாரத்தின் பாட்டுக்காக ஒரு கேமரா நாலு தெரு சுற்றவில்லையே என்பதுதான் வருத்தம்.

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகமும் சென்னைத் திரைப்படக் கல்லூரியும் நினைத்தால் மாணவர்களின் பயிற்சிப் படங்களை இங்கே எடுக்க வைக்கலாம். அதற்குப் பெரும் பணம் தேவையில்லை. ஊரில் கொஞ்ச நாள் தங்க வேண்டும், பாட்டை முடியும்வரை விட வேண்டும், பேசுகிறவரின் பேச்சு வழக்கைத் திருத்தக் கூடாது, எடுத்த படத்தை முதலில் அந்த ஊர்ப் பொட்டலிலேயே திரையிட்டு ஒரு பிரதியை ஊர் நூலகத்தில் வைக்க வேண்டும். வீடுகளைப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடும் உரிமையாளர்களும், பின்கட்டையும் அங்கே வேலை செய்கிறவர்களையும் சேர்த்துக் காட்டுமாறு கேட்டால் யாரும் மறுக்கப் போவதில்லை. தங்கள் இதழ், அடுத்த முறை செட்டிநாட்டுப் படம் ஒன்றுக்கு மதிப்புரை வெளியிடும்போது, அதில் பாடியவர் பெயரும் சமைத்தவர் பெயரும் படத்தின் பெயர்ப் பட்டியலில் இடம்பெற்றிருக்கின்றனவா என்பதையும் மதிப்புரையாளர் பார்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.