எல்லா கப்புக்கும் 250 கிராம் என்று போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் சமையல் பக்க ஓரத்தில் "1 கப் = 250 கிராம்" என்று கட்டம் கட்டிப் போடுகிறீர்களே, அதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். 250 என்பது மில்லி, அதாவது அந்தக் கப் எவ்வளவு கொள்ளும் என்ற கணக்கு. தண்ணீருக்கு அதுவே கிராமாகவும் வரும், பாலுக்கும் ஏறக்குறைய வரும், மற்றதற்கெல்லாம் வராது. சந்தேகம் இருந்தால் கால் கிலோ பொரி வாங்கி ஒரு கப்பில் கொட்டிப் பாருங்கள்.

அதே கப்பில் சலித்த மைதா 125 கிராமை ஒட்டித்தான் நிற்கும், சர்க்கரை 200-ஐத் தாண்டும். எண்ணெய் 230-க்குக் கொஞ்சம் கீழே. கடையில் வாங்கும் ஒரு லிட்டர் பாக்கெட்டிலேயே 910 கிராம் என்று பக்கத்தில் அச்சடித்திருப்பதைப் பார்க்கலாம். ஆக, உங்கள் கட்டத்தை நம்பி ஒரு கப் மைதாவுக்குக் கால் கிலோ நிறுத்துப் போடுகிறவர் மாவை இரண்டு பங்காகப் போடுகிறார், அப்புறம் கேக் கல்லு மாதிரி வந்துவிட்டது என்று அடுப்பைத் திட்டுவார்.

எங்கள் பக்கம் கேழ்வரகு, சாமை மாவில் பிஸ்கட், முறுக்கு போட்டு விற்கிற பெண்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஒருத்தர் மாவைச் சலித்து மெதுவாக டம்ளரில் தூவி விரலால் வழிப்பார், இன்னொருத்தர் டம்ளரை டப்பாவுக்குள்ளேயே விட்டு அழுத்தி அள்ளி, இரண்டு தட்டு தட்டி மேலே இன்னும் கொஞ்சம் போடுவார். டம்ளர் ஒன்றுதான், மாவும் ஒன்றுதான், தராசில் வைத்தால் கால் பங்கு வித்தியாசம் சர்வசாதாரணமாக வரும். களி என்றால் பரவாயில்லை, இறுகினால் கொஞ்சம் வெந்நீர் விட்டுத் துடுப்பால் கிண்டிச் சரிசெய்துவிடலாம். ஓவனுக்குள் போன பிஸ்கட்டை என்ன செய்ய?

படியும் ஆழாக்கும் வைத்து நம் பாட்டிகள் சமைக்கவில்லையா என்று கேட்பார்கள். சமைத்தார்கள், ஆனால் எட்டு ஆழாக்கு ஒரு படி என்று கணக்கு இருந்தது, வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே ஆழாக்கு இருந்தது, தலை தட்டி அளப்பதா கூம்பாக அளப்பதா என்பதும் பேசி வைத்த மாதிரி இருந்தது. இன்று ஒரே வீட்டு அலமாரியில் நாலு சைஸ் டம்ளர் இருக்கிறது, பத்திரிகையில் கப் என்றால் எந்தக் கப்?

அதற்காக எல்லாவற்றையும் கிராமாக்கச் சொல்லவில்லை. இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்றால் எந்த டம்ளரில் அளந்தாலும் நாலுக்கு ஒன்றுதான், அதைப் போய்க் கிராமில் போட்டுப் படிக்கிறவர்களைப் பயமுறுத்த வேண்டாம். சோற்றுக்குத் தண்ணீரும் அப்படியே. கிராம் வேண்டியது அமுங்குகிற, உதிர்கிற பொருளுக்கு: மாவு, பொடித்த வெல்லம், துருவிய தேங்காய், முக்கியமாக உப்பு. கிருஷ்ணகிரி பக்கம் மாங்காய் சீசனில் ஊறுகாய் போடாத வீடு குறைவு. "ஒரு கப் உப்பு" என்று நீங்கள் எழுதினால் கல் உப்பு போடுகிறவருக்கும் தூள் உப்பு போடுகிறவருக்கும் ஒரே உப்பா விழும்? கல் உப்பில் இடைவெளி அதிகம், எடை குறையும். உப்பு குறைந்த ஊறுகாய் பூஞ்சை பிடித்த பிறகு யாரிடம் கேட்பது.

சரி, செய்ய வேண்டியது இவ்வளவுதான். கப் என்று போட்டால் எத்தனை மில்லி என்று ஒரு தடவை சொல்லுங்கள், மாவுக்கும் உப்புக்கும் பக்கத்திலேயே கிராமும் போடுங்கள். பேக்கிங் பவுடர், சோடா உப்பு எல்லாம் ஸ்பூனிலேயே இருக்கட்டும்; வீட்டுத் தராசு பெரும்பாலும் ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.