துறைத்தலைவர் பதவியை வகிக்காமல் வரும் தலைவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு நம்மவர் ஒருவர் தலைவரானால், அவர் படித்த கல்லூரியைப் பற்றிப் பெருமையுடன் பேசுகிறோம். இடையில் அவர் வகித்த பொறுப்புகளைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. சென்னை ஐஐடியில் படித்த சுப்ரா சுரேஷ், 2013-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் தலைவராவதற்கு முன்பு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்ஐடி) துறைத்தலைவராகவும் பொறியியல் புலத்தின் டீனாகவும், பின்னர் அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் இயக்குநராகவும் பணியாற்றியவர். பேராசிரியர், துறைத்தலைவர், டீன், கல்வி மற்றும் நிதி ஒதுக்கீட்டைக் கவனிக்கும் புரோவோஸ்ட், அதன்பின் தலைவர் என்பதே அங்கு நெடுங்காலமாக உள்ள வழக்கமான பாதை.

இவற்றுள் யாரும் பெரிதாக மதிக்காத துறைத்தலைவர் பதவியே உண்மையான பயிற்சிக்களம் என்பது என் கருத்து. காலை எட்டு மணி வகுப்பை யார் எடுப்பது, காலியான ஆய்வகத்தை யாருக்கு ஒதுக்குவது, பக்கத்து அறையில் இருக்கும் இளம் ஆசிரியருக்கு நிரந்தரப் பணி தரலாமா என்பவை போன்ற முடிவுகளை, மறுநாளும் முகம் பார்த்துப் பேசவேண்டிய சக ஆசிரியர்களிடையே அவர் எடுக்க வேண்டியிருக்கிறது. உத்தரவு போட்டு அங்கு எதையும் சாதிக்க முடியாது. (இப்பொறுப்பைச் சுழற்சி முறையில், வேண்டாவெறுப்பாக ஏற்பவர்களே அதிகம் என்பது வேறு விஷயம்.)

இந்தப் படிகள் அனைத்தையும் ஏறாமல் வந்தவர்களும் உண்டு. 1869-இல் ஹார்வர்டின் தலைவரானபோது 35 வயதே ஆகியிருந்த வேதியியலாளர் சார்லஸ் எலியட், 40 ஆண்டுகள் அப்பதவியில் இருந்து அதன் முகத்தையே மாற்றினார். ஆனால் அன்றைய ஹார்வர்டு மிகச் சிறியது. பணியிலிருந்தபடியே கற்றுக்கொள்ள அவருக்கு அவகாசமும் இருந்தது. 1948-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் தலைவரான தளபதி ஐசன்ஹோவரோ, சில ஆண்டுகளுக்குள்ளேயே நேட்டோ படைகளின் தலைமையை ஏற்க விடுப்பில் சென்றுவிட்டார்.

இன்று அந்த அவகாசம் குறைந்துகொண்டே வருகிறது. அமெரிக்கக் கல்வி மன்றத்தின் ஆய்வுகளின்படி, பதவியிலுள்ள தலைவர்கள் அதுவரை அப்பொறுப்பில் கழித்த காலத்தின் சராசரி 2006-இல் 8.5 ஆண்டுகளாக இருந்தது. 2022-இல் அது 5.9 ஆண்டுகளாகச் சுருங்கிவிட்டது. நன்கொடை திரட்டுவதும், அறங்காவலர் குழுவுக்கும் அரசியல்வாதிகளுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் பதில் சொல்வதுமே இப்பதவியின் பெரும்பகுதி ஆகிவிட்டதால், வணிகத்திலோ அரசியலிலோ பெயர் பெற்றவர்களைத் தேடலாம் என்ற எண்ணம் தேர்வுக் குழுக்களுக்கு எழுவது இயல்பே. ஆயினும் பதவிக்காலம் சுருங்கச் சுருங்க, ஆசிரியர்களோடு சேர்ந்து முடிவெடுக்கும் பழக்கத்தை முன்னரே பெற்றவர்தானே அதிகம் தேவைப்படுவார்? நிதி திரட்டத் தனி அலுவலகமே இருக்கிறது. பேராசிரியர்களின் நம்பிக்கையைப் பெற்றுத்தர அப்படி ஓர் அலுவலகம் இல்லை.

அத்துடன், ஆசிரியராக இருந்து வந்தவர் தம் துறைக்கே திரும்பிச் செல்ல இடம் வைத்து ஒப்பந்தம் செய்துகொள்வது அங்கு பரவலான வழக்கம். பிரின்ஸ்டனின் தலைவராக 2001 முதல் இருந்த ஷர்லி டில்மன், 2013-இல் பதவி விலகிய பின் அங்கேயே மூலக்கூறு உயிரியல் பேராசிரியராகப் பணியைத் தொடர்ந்தார். இது வெறும் ஓய்வுக்காலச் சலுகை அன்று. தாம் கையெழுத்திடும் விதிகளுக்கு நாளை தாமும் கட்டுப்பட வேண்டியிருக்கும் என்பதை அறிந்த தலைவர், பாடவேளையைக் கூட்டும்போதும் ஆய்வு நிதியைக் குறைக்கும்போதும் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பார். வெளியிலிருந்து நேராக உச்சிக்கு வருபவருக்கு அப்படி யோசிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர்