வீட்டில் ஒயின் தயாரிப்போர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் எடுத்த முடிவுகளில் மிகச் சிறியதாகத் தெரிந்த ஒன்றுதான் இந்த ஆண்டு முழுவதும் நமக்குக் கைகொடுத்தது. ஒவ்வொரு ஜாடியின் கழுத்திலும் ஓர் அட்டை தொங்க வேண்டும். பழத்தின் எடை, சேர்த்த சர்க்கரை, ஈஸ்ட்டின் வகை, ஹைட்ரோமீட்டர் (சாற்றின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவி) அளவு, அறையின் வெப்பநிலை எல்லாம் தேதியோடு அதில் ஏற வேண்டும் என்று தீர்மானித்தோம். "நாக்குக்குத் தெரியாததா காகிதத்துக்குத் தெரியப்போகிறது?" என்று அன்றைக்குச் சிலர் கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களும் அட்டை எழுதினார்கள். அவர்களுக்கு என் முதல் நன்றி. இந்த அறிக்கையில் நான் சொல்லப்போவது பெரும்பாலும் அந்த அட்டைகளைப் படித்துத் தெரிந்துகொண்டதுதான்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இந்த ஆண்டு சேர்ந்த புதியவர்களில் பெரும்பாலோர், ஒயின் செய்யத் தேவையானதெல்லாம் அடங்கிய கிட் வாங்கித் தொடங்கியவர்கள், அதனால் கிட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

வழக்கமான கிட் ஒன்றில் 23 லிட்டர் வரும், அதாவது 30 பாட்டில். பெட்டிக்குள் அடர்த்தியாக்கிய திராட்சைச் சாறு, ஈஸ்ட், பெண்டோனைட் என்ற களிமண், கெடாமல் காக்கும் சல்ஃபைட், ஈஸ்ட் மறுபடி பெருகாமல் தடுக்கும் சார்பேட், தெளிய வைக்கும் பொருட்கள் எல்லாம் அளந்து வைத்திருப்பார்கள். சர்க்கரையும் அமிலமும் சாறு தயாரித்த இடத்திலேயே சரிசெய்யப்பட்டிருக்கும். இவ்வளவு இருந்தும் சில கிட்டுகள் நம்மிடையே சரியாக வரவில்லை. ஏன் என்று அட்டைகளைப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே காரணம்தான்: காலண்டரைப் பார்த்து வேலை செய்திருக்கிறார்கள். குறிப்புத்தாளில் 14ஆம் நாள் என்று போட்டிருந்தால், அன்றைக்கே அடுத்த கட்டம். ஆனால் அந்த நாள் கணக்கு, அறை 20 டிகிரிக்கு மேல் இருக்கும் என்று நம்பிப் போட்டது. ஓர் உறுப்பினரின் அறை குளிர்ந்த மாதத்தில் 16 டிகிரிக்கு இறங்கியிருந்தது. ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும் மூடியில்) குமிழி நின்றுவிட்டது, நொதித்தல் முடிந்தது என்று நினைத்தார். நல்லவேளையாக, சார்பேட் போடுமுன் அட்டையை நிரப்ப அளந்து பார்த்திருக்கிறார். அளவு 1.020, அதாவது சர்க்கரை இன்னும் மிச்சம். பாதியில் படுத்துவிட்ட ஈஸ்ட் அது. ஜாடியை வெதுவெதுப்பான அறைக்கு மாற்றி, அடியில் தங்கியதை மெல்லக் கலக்கி விட்டதும் மறுபடி வேலை தொடங்கி, கடைசியில் 0.995இல் வந்து நின்றது. அந்த ஒயினைப் பிறகு எல்லோரும் ருசித்தோம், குறை சொல்ல ஒன்றுமில்லை. அளக்காமல் அப்படியே பாட்டிலில் அடைத்திருந்தால், மிச்சச் சர்க்கரை உள்ளேயே நொதித்து பாட்டில் வெடித்திருக்கலாம்.

ஆகவே விதி இதுதான்: குமிழி சாட்சியாகாது. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து ஒரே அளவு காட்ட வேண்டும், அதுவும் 0.996 அல்லது அதற்குக் கீழே. ஹைட்ரோமீட்டரைக் குழாயில் விட்டதும் வாசித்துவிடாதீர்கள். ஒயினில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு சின்னச் சின்ன முத்துகளாகக் கண்ணாடித் தண்டில் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கிவிடும், அளவு கூடுதலாகத் தெரியும். தண்டை இரு விரலால் ஒரு சுழற்று சுழற்றினால் முத்துகள் உதிரும், தண்டு கொஞ்சம் கீழே இறங்கி நிற்கும். அப்போது கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து வாசிக்க வேண்டும். தொடக்கத்தில் 1.085, முடிவில் 0.995 என்றால் வித்தியாசம் 0.090, அதை 131ஆல் பெருக்கினால் ஆல்கஹால் ஏறத்தாழ 11.8 சதவீதம். இந்தக் கணக்கை அட்டையின் பின்புறமே அச்சிட்டிருக்கிறோம்.

கலங்கல் தெளியவில்லை என்று வந்த புகார்களுக்கும் இதே வாயுதான் காரணம். வாயு மிச்சமிருந்தால் தெளிய வைக்கும் பொருள் எவ்வளவு போட்டாலும் துகள் கீழே தங்காது, குமிழியோடு மேலே மிதக்கும். வாயு வெளியேறக் கை சோர்ந்துபோகும் வரை கலக்கத்தான் வேண்டும், அதற்குக் குறுக்குவழி இல்லை.

அடுத்து பழ ஒயின். என் மனம் இதில்தான் அதிகம் ஒட்டுகிறது என்பது உங்களுக்குத் தெரியும். கிட்டில் வேறொருவர் செய்து கொடுத்த தீர்மானங்களை எல்லாம் இங்கே நாமே செய்ய வேண்டும். சாப்பிடும் திராட்சையும் ஒயின் திராட்சையும் ஒன்றல்ல. முன்னதில் பெரும்பாலும் சர்க்கரையும் குறைவு, அமிலமும் குறைவு. மற்ற பழங்களிலோ சர்க்கரை இன்னும் குறைவு. ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு சதவீத ஆல்கஹால் கிடைக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு, முதலில் சாற்றை அளந்து, பிறகே சர்க்கரை சேர்க்க வேண்டும். பழக்கத்தில் அள்ளிப் போட்ட ஜாடிகள் எல்லாம் ஒன்று திகட்டின, இல்லையென்றால் எரிந்தன.

பிளம் ஒயின் இந்த ஆண்டு நமக்கு நிறையவே கற்றுக்கொடுத்தது. மூன்று பேர் செய்தார்கள். ஒருவர் பழத்தை வேகவைத்தார்; பெக்டின் என்ற பழப்பசை வெளியே வந்து, மாதக் கணக்கில் வைத்தும் ஒயின் மங்கலாகவே நின்றது. இன்னொருவர் பழத்தை உறைய வைத்து, பிறகு இளக விட்டார். உறையும்போது பழத்தின் செல்கள் உடைவதால், கையால் பிசைந்தாலே சாறு வந்துவிட்டது. கேம்ப்டன் மாத்திரை (சல்ஃபைட் மாத்திரை) போட்டு, 12 மணி நேரம் கழித்து, பெக்டினைச் சிதைக்கும் பெக்டிக் என்சைம் சேர்த்து, மறுநாள் ஈஸ்ட் விட்டார். அது கண்ணாடி போலத் தெளிந்தது. மூன்றாமவரின் ஜாடியைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றம். பழமும் சர்க்கரையும் இருந்தாலும் நைட்ரஜன் சத்து இல்லாமல் ஈஸ்ட் திணறினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். அட்டையில் ஈஸ்ட் சத்துக்கான இடம் காலியாக இருந்தது. சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கு தீர்வதற்குள் சத்தைச் சேர்த்து, காற்றுப்பட நன்றாகக் கலக்கினால் பெரும்பாலும் நாற்றம் போய்விடும். அவருக்கும் அப்படித்தான் போனது. கொட்டைகளை உடைக்காமல் எடுத்துவிடுங்கள் என்று மூவரிடமும் முதலிலேயே சொல்லியிருந்தோம், மூவரும் கேட்டார்கள். பிளம், ஆப்ரிகாட் கொட்டையின் பருப்பில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருப்பதால் இதில் விளையாட்டுக்கு இடமில்லை.

மேலே மிதக்கும் பழத்தோல் படலத்தை நாளுக்கு இரண்டு முறை அமுக்கி விடாத ஜாடி ஒன்றில் புளிப்பு ஏறியது. வினிகர் பாக்டீரியாவுக்குக் காற்றும் ஈரமான மேற்பரப்பும் கிடைத்தால் போதும், அதைக் கொண்டுவந்து சேர்க்கப் பழ ஈக்கள் இருக்கின்றன. ஒயின் கெடுவது நுண்ணுயிர்களால்தான் என்று 1860களில் லூயி பாஸ்டர் காட்டியதைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசினோம். அதற்குப் பிறகு சுத்தம் பற்றிக் கேள்விகள் கூடின என்பது எனக்கு மகிழ்ச்சி. குளோரின் ப்ளீச்சால் எதையும் கழுவாதீர்கள். கார்க்கிலும் மரத்திலும் குளோரின் பட்டால் ஈரச்சாக்கு வாசம் வரும், ஒயினிலிருந்து அதைப் போக்க முடியாது.

வருத்தம் தந்த ஒன்றையும் பதிவு செய்ய வேண்டும். ஓர் உறுப்பினர் பொறுமையாக மாலோலாக்டிக் நொதித்தல் (லாக்டிக் பாக்டீரியாவைக் கொண்டு புளிப்பை மென்மையாக்குவது) செய்து முடித்த சிவப்பு ஒயினில், பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று சார்பேட்டும் சேர்த்துவிட்டார். லாக்டிக் பாக்டீரியா சார்பேட்டைச் சிதைத்தால் நசுக்கிய ஜெரேனியம் இலை வாசம் வரும். அதற்கு மருந்து கிடையாது, முழு ஜாடியையும் கொட்ட வேண்டியதாயிற்று. கொட்டுமுன் அவர் நம் எல்லோரையும் அழைத்து அந்த வாசத்தை முகர வைத்தார், அப்புறம்தான் கொட்டினார். அந்த மனசை இந்தச் சபையில் பாராட்ட விரும்புகிறேன்.

கிட்காரர்கள், பழக்காரர்கள் என்று இருந்த பிரிவு இந்த ஆண்டு ஓரளவு கரைந்தது. பழ ஒயின் செய்தவர்கள் ஹைட்ரோமீட்டர் ஒழுங்கைக் கிட்காரர்களிடம் கற்றார்கள். கிட் செய்தவர்கள் ருசித்துப் பார்த்து அமிலத்தைத் தீர்மானிப்பதைப் பழக்காரர்களிடம் கற்றார்கள். பெயர் மறைத்து நடத்திய ருசி நாளில், ஆறு மாதம் வைத்திருந்த சிவப்பு கிட் ஒயினும் அதே கிட்டின் புது ஒயினும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டும் ஒரே ஒயின் என்று யாருக்கும் தோன்றவில்லை. சீக்கிரம் குடித்துத் தீர்த்துவிடுகிறோம் என்பதே நம்மிடம் நான் காணும் பெரிய குறை.

சங்கத்தின் கார்க் அடிக்கும் கருவியும் பழம் பிழியும் கருவியும் ஓயாமல் கைமாறிக்கொண்டே இருந்தன. கழுவி, காயவைத்துத் திருப்பித் தாருங்கள். சல்ஃபைட் பொடி காற்றுப்பட்டால் வலுவிழக்கும்; பொட்டலத்தில் பிரித்த தேதியை எழுதுங்கள், ஓராண்டுக்கு மேலானதை நம்பாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் அதைக் காற்றோட்டமான இடத்தில் மட்டும் கையாளுங்கள்.

சங்கத்தின் அடிப்படை விதிகளில் மாற்றமில்லை. விற்பனை கிடையாது, காய்ச்சி வடிப்பது கிடையாது. வீட்டில் எவ்வளவு செய்யலாம், செய்யவே கூடுமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். புதிதாக வருபவர் தம் சட்டத்தைத் தெரிந்துகொண்ட பிறகே ஜாடி வாங்க வேண்டும்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை: பொதுவில் ஒரு பிஹெச் (அமிலத்தன்மை அளவு) மீட்டர், ஏனென்றால் சல்ஃபைட் எவ்வளவு தேவை என்பது பிஹெச்சைப் பொறுத்தது, ஆப்பிள் பருவத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு நாள் சாறு பிழிவது, அட்டையில் ஈஸ்ட் சத்துக்கும் அமில அளவுக்கும் கட்டாயக் கட்டம். அட்டை மாதிரி மேசையில் இருக்கிறது, திருத்தம் இருந்தால் இன்றே சொல்லுங்கள்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்