எல்லாப் பழியும் நெட்வொர்க் மேலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியின் தேயிலைத் தொழிற்சாலை அலுவலகங்களில் ஒரு தாள் தவறினாலும், ஒரு கூட்டம் மறந்துபோனாலும் சொல்லப்படும் காரணம் ஒன்றுதான்: "நெட் இல்லைங்க." மழைக்காலத்தில் அது உண்மையும்கூட. ஆனால் குன்னூர் தேயிலை ஏலத்துக்குப் போகவேண்டிய லாட் பட்டியல் (விற்பனைக்கு வைக்கும் தேயிலைத் தொகுதிகளின் பட்டியல்) 'இறுதி', 'இறுதி-2', 'சரிபார்த்த இறுதி' என்று மூன்று பெயரில் மூன்று பேர் மெயிலில் கிடந்தால், அதற்கு மழை என்ன செய்யும்?

அட்டாச்மென்ட் என்பது நகல். அனுப்பிய நொடியிலேயே அது மூலக்கோப்பிலிருந்து பிரிந்துவிடுகிறது. மேலாளர் தன் நகலில் கிலோவைத் திருத்துகிறார், கணக்கர் தன் நகலில் இன்வாய்ஸ் எண்ணைத் திருத்துகிறார். தேயிலையை ஏலத்தில் விற்றுத்தரும் புரோக்கர் கைக்குப் போவது எது என்பது அதிர்ஷ்டம். அளவுச் சிக்கல் வேறு. மெயிலில் ஏறும்போது கோப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். 25 எம்பி வரை மட்டும் ஏற்கும் சர்வருக்கு 20 எம்பி ஸ்கேனை அனுப்பினால் திரும்பி வருவது இதனால்தான். அதற்கும் நெட் மேல்தான் பழி.

மெயில், காலண்டர், ஆவணம் மூன்றும் ஒரே கணக்கில் கிடைக்கும் சேவைக்குப் பல அலுவலகங்கள் ஏற்கெனவே பணம் கட்டுகின்றன. பயன்படுத்துவது மெயிலை மட்டும். மூன்றையும் கோக்கும் வேலையைக் கோப்பிலிருந்து தொடங்க வேண்டும். பட்டியல் ஒரே இடத்தில், அலுவலகத்துக்குச் சொந்தமான பொது ஃபோல்டரில் இருக்கட்டும். மெயிலில் போவது அதன் லிங்க் மட்டும். 'அலுவலகத்துக்குச் சொந்தமான' என்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. கூகுளில் ஒரு ஊழியர் தன் டிரைவில் உருவாக்கிய கோப்புக்கு அவரே உரிமையாளர். அவர் விலகியதும் கணக்கை அழித்தால் கோப்புகளும் போய்விடும். அழித்த கணக்கை மீட்க 20 நாள்தான் அவகாசம். ஆகவே உரிமையை வேறொரு கணக்குக்கு மாற்றிய பிறகே அழிக்க வேண்டும். அனுமதியையும் ஆள் ஆளாகக் கொடுக்காமல், 'கணக்குப் பிரிவு', 'இலை கொள்முதல்' என்று குழு முகவரி உண்டாக்கி அதற்குக் கொடுத்தால், ஆள் மாறும்போது குழுவில் ஒரு பெயரை எடுத்து இன்னொன்றைச் சேர்ப்பதோடு வேலை முடியும்.

அடுத்தது காலண்டர். சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போடுவதில் குறையில்லை. கோவைக்குப் போன மேலாளர் அதைப் பார்க்க முடியாது, அவ்வளவுதான். யாருடைய தனிக் காலண்டரிலும் குறிக்காமல், அலுவலகத்துக்கென ஒரு பொதுக் காலண்டர் தொடங்குங்கள். வாராந்தர ஏலத்தை அதில் ஒரு முறை எழுதி, வாரந்தோறும் திரும்ப வரும்படி வைத்து, அந்த நிகழ்வுக்குள்ளேயே பட்டியல் கோப்பின் லிங்க்கைப் போடுங்கள். ஏல நாளைக் குறிப்பவர்கள் அதற்கு முன்பே வரும் கேட்டலாக் மூடும் நாளை, அதாவது ஏலப் பட்டியலில் லாட்டுகளைச் சேர்ப்பதற்கான கடைசி நாளை, குறிப்பதில்லை. உண்மையில் தவறுவது அதுதான். அதற்குத் தனி நிகழ்வு வேண்டும், ஒரு நாள் முன்பே மெயிலில் வரும் நினைவூட்டலும் வேண்டும். பத்து நிமிடம் முன்பு மணியடித்து என்ன பயன்? பொங்கல் வாரத்தில் தேதி மாறினால் 'இந்த நிகழ்வு மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'எல்லா நிகழ்வுகளும்' என்றால் ஆண்டு முழுவதும் நாள் மாறிப்போகும்.

காலண்டரில் கோப்பைச் சேர்த்துச் சேமிக்கும்போது, அழைக்கப்பட்டவர்களுக்கு அந்தக் கோப்பைப் பார்க்க அனுமதி கொடுக்கவா என்று கூகுள் கேட்கும். பலர் படிக்காமலே மூடிவிடுகிறார்கள். கூட்டத்தன்று எல்லாருக்கும் 'அனுமதி கோரவும்' என்ற பக்கம்தான் திறக்கிறது. அந்தப் பதற்றத்தில் 'லிங்க் உள்ள எவரும்' என்று திறந்துவிடுவது அதைவிட மோசம். சிறு விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்ணும் ஆதார் எண்ணும் உள்ள பட்டியல் அப்படித்தான் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது.

புரோக்கர் அலுவலகத்தில் அவுட்லுக், இங்கே கூகுள் என்றாலும் அழைப்பு போய்ச் சேரும். இரண்டுக்கும் ஐகேலண்டர் என்ற பொது வடிவம் புரியும். ஆனால் ஒருவர் காலண்டரை மற்றவர் முகவரி கொடுத்து 'சந்தா' சேர்த்திருந்தால், மாற்றம் தெரியப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும். அன்றைக்கே நடக்கும் மாற்றத்துக்கு அதை நம்பக் கூடாது, அழைப்பைத் திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். காலை 10 மணிக் கூட்டம் விடியற்காலை 4.30 என்று காட்டினால் பயப்பட வேண்டாம். அந்தக் கணினியின் நேர மண்டலம் கிரீன்விச்சில் நிற்கிறது, ஐந்தரை மணி நேரத்தைச் சரிசெய்தால் போதும். முன்பின் தெரியாதவர் அனுப்பும் அழைப்புகள் தாமாகவே காலண்டரில் ஏறுவது இப்போது மோசடிக்காரர்களுக்கு வசதி. அமைப்புகளில் 'அனுப்புபவர் தெரிந்தவராக இருந்தால் மட்டும்' என மாற்றிவிடுங்கள்.

பழைய கோப்புகள் தனித் தலைவலி. எக்செல், வேர்டின் பழைய வடிவங்களான எக்ஸ்எல்எஸ், டாக் ஆகியவற்றில் உள்ளவற்றை மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவில் ஏற்றினாலும் இருவர் ஒரே நேரத்தில் திருத்த முடியாது. எக்ஸ்எல்எஸ்எக்ஸ், டாக்எக்ஸ் ஆக மாற்றிச் சேமிக்க வேண்டும். திறக்கவே கடவுச்சொல் கேட்கும் கோப்பிலும் இதே தடைதான். பாமினி, வானவில் எழுத்துருக்களில் அடித்த தமிழ்க் கடிதம் பிரவுசரில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும், தேடினாலும் கிடைக்காது. எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றிவிட்டே ஏற்றுங்கள்.

இனி மழை. ஜூன், ஜூலையில் கூடலூர், பந்தலூர் பக்கமும், அக்டோபருக்குப் பிறகு குன்னூர், கோத்தகிரி பக்கமும் லைன் அறுவது நிச்சயம். நெட் இல்லாமலே கோப்பைத் திறக்க உதவும் கூகுளின் ஆஃப்லைன் வசதியை நெட் போன பிறகு இயக்க முடியாது. நெட் இருக்கும்போதே, அதே கணினியில், அதே கணக்கில், குரோம் அல்லது எட்ஜ் பிரவுசரில் இயக்கி, தேவையான கோப்புகளை 'ஆஃப்லைனில் கிடைக்கும்படி' குறித்து வைக்க வேண்டும். லைன் இல்லாத நாளில் கோப்பைத் தொடுபவர் ஒருவராக மட்டும் இருக்கட்டும். இருவர் தனித்தனியே ஒரே கட்டத்தைத் திருத்தினால், லைன் வந்ததும் ஒருவர் எழுதியது மற்றவர் எழுதியதை மூடிவிடும். போனதை, கோப்பின் முந்தைய நிலைகளைக் காட்டும் பதிப்பு வரலாற்றில் தேடி எடுக்கலாம், ஆனால் தேட வேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டுமே! இணையத்தோடு தானாகவே சிங்க் ஆகும் (ஒத்திசையும்) ஃபோல்டரில் 'முரண்பட்ட நகல்' என்று புதுக்கோப்பு முளைத்தால் உடனே அழிக்காதீர்கள். யாரோ ஒருவரின் அரை நாள் வேலை அதற்குள் இருக்கும்.

கரண்ட் போகும்போது கணினிக்கு யுபிஎஸ் இருந்தும் நெட் நிற்பது, ஃபைபர் மோடம் அந்த யுபிஎஸ்ஸில் சேராததால்தான். பெரும்பாலான மோடங்கள் 12 வோல்ட்டில் ஓடுபவை. அடாப்டரில் அச்சிட்டுள்ள வோல்ட், ஆம்பியரைப் பார்த்து அதற்கேற்ற மினி யுபிஎஸ் வாங்கலாம்.

இவற்றையெல்லாம் செய்தபின் மே மாதத்திலேயே ஒரு நாள் வேலை நேரத்தில் வைஃபையை அணைத்துவிட்டு, லாட் பட்டியல் திறக்கிறதா, ஒரு வரி சேர்க்க முடிகிறதா, மறுபடி இணைத்ததும் அந்த வரி அடுத்த கணினியில் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அலுவலகக் கணினிப் பராமரிப்புப் பணியாளர்கள் சிலர்,
குன்னூர், நீலகிரி