யானை லத்தியும் உன் ஆட்டின் வயிறும்

மாப்ளே,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிவிட்டது. மழைக்கு முன்னால் கடைசிச் சுற்று மாதிரிகளை எடுத்துவிட வேண்டும் என்று காட்டிலேயே கிடந்தேன், அதனால்தான் தாமதம். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், மனசு லேசாகிவிட்டது. ஊருக்கு வந்ததும் முதலில் அவர்களைத்தான் பார்ப்பேன்.

சரி, ஆட்டுக்கு வருகிறேன். சூபாபுல் மரத்துத் தழையைத் தினமும் போட்டதில் இரண்டு கன்னி ஆடுகளுக்கு முடி கொட்டுகிறது என்றாயே, அந்தத் தழையை இப்போதைக்கு நிறுத்திவிட்டு அகத்தி, வேப்பங்குழை, வேலிமசால் என்று எது கிடைக்கிறதோ அதைப் போடு. கால்நடை மருத்துவரிடமும் காட்டிவிடு. ஏன் கொட்டுகிறது என்ற கேள்வி நான் இங்கே முதுமலையில் செய்கிற வேலைக்குள்ளேயே வருவதால் கொஞ்சம் சுற்றித்தான் சொல்ல முடியும், பொறுத்துக்கொள்.

இங்கே என் வேலை பெரும்பாலும் யானை லத்தி எடுப்பதுதான். சூடு ஆறாத லத்தியாக இருக்க வேண்டும். வெளிப்பக்கத்தில் மண்ணிலிருக்கும் நுண்ணுயிர்கள் ஒட்டியிருக்கும், அதனால் உருண்டையை உடைத்து நடுவிலிருந்து கொஞ்சம் எடுத்து உடனே குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுவோம். அதில் மிஞ்சியிருக்கும் செடிகளின் டிஎன்ஏவைப் படித்தால் யானை எதையெல்லாம் தின்றது என்று தெரிந்துவிடும். ஆனால் தின்றதில் எது உடம்பில் ஒட்டியது என்பது வேறு கேள்வி, எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. யானை ஆய்வாளர் ராமன் சுகுமாரும் அவரோடு ரமேஷும் 1992இல் இதை எலும்பை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்துப் புல்லில் கார்பன் 13 என்கிற கனமான கார்பன் மரம் செடிகளில் இருப்பதைவிடக் கூடுதலாக இருக்கும், தின்றதற்கு ஏற்றபடி அது எலும்பிலும் பதியும். யானை எவ்வளவு புல், எவ்வளவு தழை தின்கிறது என்ற கணக்கோடு ஒப்பிட்டால் எலும்பில் தழையின் பங்கு கூடுதலாக இருந்தது. தழையில் புரதம் அதிகம் என்பது காரணமாக இருக்கலாம் என்றார்கள். மழை பெய்து புல் துளிர்க்கும்போது யானைகள் புல்லை விரும்பி மேய்வதையும், கோடையில் புல் காய்ந்து சத்து போனதும் மூங்கிலுக்கும் மரப்பட்டைக்கும் போவதையும் நான் இங்கே கண்ணாலேயே பார்க்கிறேன்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. தீனியிலிருக்கும் நார்ச்சத்தை உடைக்கும் நொதி ஆட்டுக்கும் இல்லை, யானைக்கும் இல்லை. வயிற்றிலிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதைச் செய்கின்றன. ஆட்டுக்கு அந்த வேலை முன்வயிற்றில் நடக்கிறது, பிறகு அந்த நுண்ணுயிர்களே குடலுக்கு இறங்கிச் செரித்து ஆட்டுக்குப் புரதமாகிவிடும். யானைக்குப் பெருங்குடலில் நடப்பதால் அந்தப் புரதத்தில் பெரும்பகுதி லத்தியோடு வெளியே போய்விடுகிறது, தின்றதில் பாதிகூடச் செரிப்பதில்லை. அதனால்தான் நாளில் முக்கால்வாசி நேரம் தின்றுகொண்டே நிற்கிறது. குட்டி பெரிய யானைகளின் லத்தியை எடுத்து வாயில் போடுவதை முதலில் பார்த்தபோது விரட்டலாமா என்று தோன்றியது. இப்போது அப்படியில்லை. பிறக்கும்போது இல்லாத நுண்ணுயிர்களை அது அப்படித்தான் வாங்கிக்கொள்கிறது. தாயைப் பிரிந்த குட்டி என்றால் என்ன பால் கொடுப்பது என்றுதான் எல்லோரும் கேட்கிறோம், அந்த நுண்ணுயிர்கள் அதற்கு எங்கிருந்து கிடைக்கும் என்றும் கேட்க வேண்டும் என்று எனக்கு ரொம்பத் தோன்றுகிறது.

இப்போது உன் சூபாபுல். அந்த இலையில் மிமோசின் என்று ஒரு நச்சு இருக்கிறது, முடி கொட்டுவது அதனால்தான். முன்வயிற்று நுண்ணுயிர்கள் அதை மாற்றினாலும் டிஹெச்பி என்று இன்னொன்று உண்டாகி தைராய்டைக் கெடுக்கும். ஆஸ்திரேலியாவில் இந்த மரத்தை மேய்ந்த மாடுகள் இப்படித்தான் சீரழிந்தன. ஹவாயிலோ ஆடுகள் அதையே தின்று நன்றாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி இலையை விட்டுவிட்டு ஆட்டின் வயிற்றைச் சந்தேகப்பட்டார், அந்த யோசனையை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. ஹவாய் ஆட்டின் இரைப்பை நீரிலிருந்த நுண்ணுயிர்களை ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்குள் செலுத்தினார்கள், அப்புறம் அவையும் அதே தழையைத் தாங்கிக்கொண்டன. 1986இல் அந்த ஆய்வு அச்சில் வந்தது. 1992இல் அந்த நுண்ணுயிருக்கு அவர் பெயரைச் சேர்த்து சினர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்று பெயர் வைத்தார்கள்.

ஆகவே தழை மட்டும் குற்றவாளி இல்லை மாப்ளே. ஆடுகள் தேறியதும் சூபாபுல்லைக் கொஞ்சமாக, வேறு குழையோடு கலந்து கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் அதையே முழுத்தீனியாக்கிவிடாதே.

ஒரே ஒரு விஷயம் பார்த்து எழுது. அதே தழையைத் தின்றும் முடி கொட்டாத ஆடுகள் உன் மந்தையில் இருக்கின்றனவா? இருந்தால் அவை வீட்டில் பிறந்தவையா, சந்தையில் வாங்கியவையா, எந்த ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவை என்று கேட்டு வை. அடுத்த மாதம் வரும்போது குளிர்பெட்டியையும் எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
மசினகுடியிலிருந்து உன் மாப்ள