மூளைக்குள் சுவிட்ச் பூட்டியவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழின் அறிவியல் பக்கத்தில் "சுயநினைவை அணைக்கும் சுவிட்ச் மூளைக்குள் கண்டுபிடிப்பு!" என்று கொட்டை எழுத்தில் வந்த கட்டுரையை வாசித்தேன். தலைப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். "வலிப்பு நோயாளிகளிடம் பழுதடைந்திருப்பது கிளோஸ்ட்ரம் என்ற இந்தச் சுவிட்சே" என்று உள்ளே ஒரு வசனம் இருக்கிறதே, அதை எந்த வைத்தியர் தங்களுக்குச் சொன்னார்?

என் அக்காவின் மகனுக்கு, அதாவது என் பெறாமகனுக்கு, 2009இல் போரின்போது மாத்தளனில் தலையில் செல் (எறிகணை) துண்டு பட்டது. அப்போது சிறுவன். அன்றுதொட்டு வலிப்பு. குளிசையும் கிளினிக் கொப்பியுமாக வளர்ந்து, இப்போது சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கிறான். அக்கா தங்கள் கட்டுரையை வெட்டி எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். கொழும்பில் தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்தால் அந்தச் சுவிட்ச் தெரியுமா, மாற்றிப் பூட்ட எவ்வளவு காசு முடியும் என்று கேட்டார். தாலிக்கொடியை அடகு வைக்கும் கணக்கோடுதான் வந்திருந்தார். தலைக்குள் உலோகத் துண்டு இருப்பவரை எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் விடுவதற்கே வைத்தியர்கள் தயங்குவார்கள் என்பதைக் கட்டுரையாளர் எழுதவில்லை. அவருக்கு அது தேவைப்படவில்லை. சந்தியில் நிற்கும் பொடியன்கள் இப்போது பெறாமகனை "சுவிட்ச்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். தங்கள் பத்திரிகை வன்னியில் நன்றாக வாசிக்கப்படுகிறது என்பதற்கு இதைச் சான்றாக வைத்துக்கொள்ளலாம்.

தங்களுக்குத் தெரியாததல்ல. மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் மறைந்திருக்கும் இன்சுலா என்ற பகுதிக்கும், அதற்கு உள்ளே ஆழத்திலிருக்கும் புற்றாமென் என்ற பகுதிக்கும் இடையில், இரு பக்கமும் வெள்ளை நார்கள் மூடியிருக்க, மெல்லிய தகடாகக் கிடக்கும் நரைநிறப் பொருள்தான் கிளோஸ்ட்ரம். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. டிஎன்ஏயின் அமைப்பைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக் தம் கடைசி நாட்களில் இதைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தார். 2004 ஜூலையில் இறக்கும்வரை கையெழுத்துப் பிரதியைத் திருத்தினார். நரம்பியல் ஆய்வாளர் கிறிஸ்டோஃப் கோக்குடன் சேர்ந்து எழுதிய அந்தக் கட்டுரை 2005இல் வெளிவந்தது. வாத்தியக் குழுவை நடத்துபவரின் வேலையை இது மூளையில் செய்யலாமோ என்று அதில் ஊகித்தார்கள். கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்வி. நோபல் பரிசு பெற்றவர் கேள்விக்குறியோடு நிறுத்திய இடத்தில் தங்கள் நிருபர் ஆச்சரியக்குறி போட்டுவிட்டார்.

சுவிட்ச் என்ற பேச்சு 2014இல் வந்தது. அமெரிக்காவில் வலிப்பு நோயுள்ள 54 வயதுப் பெண் ஒருவரின் இடப்பக்கக் கிளோஸ்ட்ரத்தை ஒட்டி மின்முனை வைத்துத் தூண்டியபோது, அவர் வாசிப்பதை நிறுத்தி வெறித்துப் பார்த்தார். கூப்பிட்டதற்குப் பதில் இல்லை. மின்சாரத்தை நிறுத்தியதும் வழமைக்குத் திரும்பினார். ஒரே ஒரு நோயாளி, அவரும் மூளையின் ஒரு பகுதி ஏற்கனவே அகற்றப்பட்டவர். பின்னர் 2019இல் வெளியான ஆய்வில் ஐந்து பேருக்குக் கிளோஸ்ட்ரத்தைத் தூண்டிப் பார்த்தார்கள். யாருக்கும் நினைவு தப்பவில்லை. இந்த ஐந்து பேருக்கும் தங்கள் பக்கத்தில் ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை.

உண்மையில் வியக்கவேண்டிய விடயம் இதன் தொடர்புகள். முலையூட்டிகளில் மூளைய மேற்பட்டையின், அதாவது மூளையின் வெளி அடுக்கின், அநேகமாக எல்லாப் பகுதிகளிலிருந்தும் இதற்கு நார்கள் வருகின்றன. இதிலிருந்தும் அங்கே போகின்றன. ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே அளவில் அல்ல. எலியில் மேற்பட்டையின் முன்பக்கப் பகுதிகளோடும், நடுப்புறத்திலுள்ள சிங்குலேற் என்ற பகுதியோடும் உறவு நெருக்கம். பார்வை, தொடுகை போன்றவற்றின் முதல்நிலைப் பகுதிகளோடு அவ்வளவு இல்லை. பூனையின் கிளோஸ்ட்ரத்தில் பார்வைப் புலத்தின் ஒழுங்கான வரைபடமே இருப்பதை 1981இல் காட்டிவிட்டார்கள். குரங்கில் 2010இல் பார்த்தபோது, ஓசைக்குத் துலங்கும் நரம்புக்கலங்கள் ஒரு பக்கம், காட்சிக்குத் துலங்குபவை இன்னொரு பக்கம் என்று தனித்தனியே இருந்தன. புலன்களையெல்லாம் ஒன்றாகக் கோக்கும் இடம் என்று நினைத்தவர்களுக்கு அது சங்கடம். எலியில் 2018இல் தெரியவந்தது இன்னும் விசித்திரம்: கிளோஸ்ட்ரத்தின் சமிக்ஞை மேற்பட்டைக்குப் போய், அங்குள்ள தடுக்கும் கலங்களைத் தூண்டி, மற்றக் கலங்களை அடக்குகிறது. ஆழ்ந்த உறக்கத்தில் மேற்பட்டையில் எழும் மெதுவான அலைகளில் இதற்குப் பங்குண்டு என்று 2020இல் எழுதினார்கள். இவ்வளவும் இருக்க, சுவரில் பூட்டும் பொருள்தான் தங்கள் நிருபருக்குத் தோன்றியிருக்கிறது.

இன்னொன்று. வியட்நாம் போரில் தலையில் காயப்பட்ட அமெரிக்கப் படையினரை ஆராய்ந்து, கிளோஸ்ட்ரம் சேதத்துக்கும் நினைவிழந்து கிடந்த கால அளவுக்கும் தொடர்பு இருப்பதை 2015இல் எழுதினார்கள். நினைவிழக்கும் தடவைகளோடு தொடர்பு தெரியவில்லை. அந்தப் படையினருக்குப் போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னும் தலைக்காயத்தைத் தேடிப்போய் விசாரிக்க ஆட்கள் இருந்தார்கள். எங்கள் பக்கம் வாருங்கள், புதுக்குடியிருப்பிலிருந்து விசுவமடு வரை எத்தனை வீடுகளில் செல் துண்டோடு ஆட்கள் இருக்கிறார்கள் என்று பாருங்கள். எந்த இதழில் அவர்களைப் பற்றிக் கட்டுரை வந்தது? தங்களுக்கு வன்னி என்றால் வெள்ளம், யானை, மே மாதத்தில் அழுகிற தாய்மாரின் படம். அறிவியல் எங்களுக்குக் கொழும்பிலிருந்து இறக்குமதி ஆகவேண்டும், அதுவும் பழுதான சரக்காக.

மனிதன் மூளையில் பத்து வீதத்தைத்தான் பயன்படுத்துகிறான் என்று முன்பொரு முறை போட்டீர்கள். மறுத்துக் கடிதம் எழுதினேன். வரவில்லை. இடமூளைக்காரர், வலமூளைக்காரர் என்று சோதிடம்போல ஒரு பக்கம் நிரப்பினீர்கள். மறுபடியும் எழுதினேன். அந்த வாரம் அறிவியல் பக்கமே வரவில்லை. நகைக்கடை விளம்பரம் வந்தது.

பொருளாதாரத் தடைக் காலத்தில் இதே வன்னியில் மரத்தடியில் உயர்தர உயிரியல் படிப்பித்தவள் நான். இறைச்சிக் கடையில் ஆட்டு மூளை வாங்கி வந்து, சவர அலகால் வெட்டிப் பிள்ளைகளுக்குக் காட்டினோம். மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு, பொழுதுபட முன் முடித்துவிட வேண்டும். எப்போதாவது கைமாறி வரும் பழைய பத்திரிகையை வரிவரியாக வாசித்தோம். அச்சில் வந்ததை அப்படியே நம்பும் பழக்கம் எங்களுக்கு அப்போது வந்தது. அந்த நம்பிக்கையில்தான் தாங்கள் இப்போது வியாபாரம் செய்கிறீர்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அதே பக்கத்தில், வாசிக்கக்கூடிய எழுத்தில், ஒரு திருத்தம். வலிப்பு என்பது ஒரு சுவிட்சின் பழுது அல்ல. அதற்குக் காரணங்கள் பல. வைத்தியர் தந்த மருந்தைத் தாமாக நிறுத்தக்கூடாது. பத்திரிகையை நம்பி யாரும் ஸ்கானுக்கு ஓடவேண்டியதில்லை. இவ்வளவும் போதும், மன்னிப்பெல்லாம் வேண்டாம். ஞாயிறு இதழிலேயே போடுங்கள். மற்ற நாட்களில் தங்கள் பத்திரிகை எங்கள் சந்திக் கடைக்கு வருவதேயில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
முள்ளியவளை.